ஆக்ஸிஜன் சேம்பருக்குள் முதல் தடவை: போகுமுன் எனக்கு யாரும் சொல்லாதவை

ஆறாத புண்ணுக்கு "ஆக்ஸிஜன் சேம்பர்ல படுக்கணும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குடியாத்தத்தில் பிளவுஸ் தைப்பவள். சுகர் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் நாக்பூர், இந்தூர் என்று வடக்கேதான் இருப்பார். மகளுக்குப் பெங்களூரில் கைக்குழந்தை. அதனால் ஆஸ்பத்திரி போனது, வந்தது, பயந்தது எல்லாம் தனியாகத்தான்.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனோம். 14 கிலோமீட்டர், வெறுங்கால். கூட்டத்துக்குப் பயந்து வெயில் தாழுமுன்பே நடக்க ஆரம்பித்துவிட்டோம். கூட வந்தவர்கள் ரோடு சுடுகிறது என்று ஓரமாக மண்ணில் இறங்கி நடந்தார்கள். எனக்கு ஒன்றும் சுடவில்லை, சாமி புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். பாதம் மதமதப்பாகி அதற்குள் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. மறுநாள் வீட்டு சிமெண்ட் தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான் இடது கால் விரல்களுக்குக் கீழே கொப்புளம் உடைந்திருப்பதே தெரிந்தது.

வேலூரைச் சுற்றி இருக்கும் எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்குக் காரணம் சதை அழுகுவது இல்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் காயம்தான் என்று காட்டியவர். வேலூர் பக்கத்தில் தொழுநோய்க்கென்று ஆரம்பித்த கரிகிரி ஆஸ்பத்திரியில் அந்தக் கால்களுக்காகச் செருப்பு செய்து கொடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சுகர் காலுக்கும் அதே கணக்குதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. உள்ளூரிலேயே டிரஸ்ஸிங் போட்டுக்கொண்டிருந்ததில் ஆடி மாதம் குளிர் காய்ச்சல் வந்து, எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வரை போயிருக்கிறது என்றார்கள். வேலூரில் ஒரு சர்ஜன் இரண்டாவது விரலை எடுத்து, அழுகினதைச் சுத்தம் பண்ணினார். டாப்ளர் பார்த்தார்கள், ரத்த ஓட்டம் பரவாயில்லை. ஆனாலும் புண் அப்படியே வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அப்போதுதான் இந்த ஹைப்பர்பாரிக் ஆக்ஸிஜன் சிகிச்சையை, அதாவது அழுத்தம் ஏற்றிய மூடின சேம்பருக்குள் படுத்து ஆக்ஸிஜன் சுவாசிப்பதை, எழுதினார்.

அவர் நல்ல மனிதர், ஐந்து நிமிடம் ஒதுக்கி விளக்கினார். சாதாரணமாக மூச்சு விடும்போதே ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட முழுக்க ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டுதான் போகின்றன, அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. வெளிக்காற்றைவிட இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்ஸிஜன் கரைந்துவிடும். சிவப்பணு சரியாகப் போய்ச் சேராத மூலைக்கும் அது எட்டும், நாள்பட நாள்பட அந்த இடத்தில் புது ரத்தக் குழாய்கள் கிளைக்கும். உறுதியாக ஆறிவிடுமா டாக்டர் என்று கேட்டேன். சுவீடனில் 2010-ல் வந்த ஒரு ஆய்வில் இதை எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் மூடியது, சும்மா அழுத்தம் மட்டும் வைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றார். பிறகு வந்த சில ஆய்வுகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அவரே சொன்னார். "இது மட்டும் போதும்னு நினைக்காதீங்க. சுகர், டிரஸ்ஸிங், ஆண்டிபயாடிக், கால் ஊணாம இருக்கறது, இந்த நாலோட இது அஞ்சாவது." அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கும்பிடு. பின்னாடி சேம்பர் மையத்தில் பார்த்த சிலர், சேம்பரில் படுத்தாயிற்று என்று டிரஸ்ஸிங்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் விளக்கியதெல்லாம் காலுக்கு என்ன ஆகும் என்பது. உள்ளே படுக்கும் எனக்கு என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து மொபைலில் பார்த்தேன். முதலில் வந்த படத்திலேயே வயிற்றைக் கலக்கிவிட்டது. நீளமான கண்ணாடிக் குழாய், உள்ளே வெள்ளை உடுப்பில் மல்லாந்து ஒரு ஆள். சாவு வீட்டில் கொண்டுவந்து வைக்கும் ஐஸ் பெட்டி அப்படியே. அப்புறம் கை சும்மா இருக்குமா? இத்தாலியில் மிலான் நகரத்தில் 1997-ல் இப்படி ஒரு சேம்பரில் தீப்பிடித்து 11 பேர் செத்துப்போனது, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் போனது, எல்லாவற்றையும் விடிய விடியப் படித்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் அவர் ஏதோ டோல்கேட் சத்தத்தில், "பயமாருந்தா வுட்டுடு, கால் ஆறறப்ப ஆறட்டும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இப்போது யோசித்தால், அந்தத் தீ விபத்துச் செய்திகளைப் படித்தது ஒரு விதத்தில் உதவியது. சுத்த ஆக்ஸிஜனுக்குள் ஒரு சின்னப் பொறி போதும், எது எது எரியும் என்று தெரிந்துகொண்டால் மையத்துக்காரர்கள் ஏன் அவ்வளவு கெடுபிடி பண்ணுகிறார்கள் என்பது புரியும். மிலானில் ஒரு நோயாளியிடம் இருந்த, கையைச் சூடாக்கிக்கொள்ளும் சின்னக் கருவியில் இருந்துதான் தீ வந்ததாகச் சொன்னார்கள். அதனால் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் மையம் நல்ல மையம். பார்க்காமல் உள்ளே அனுப்பினால் நீங்களே கேளுங்கள்.

மையத்தில் முதலில் பார்த்தது ஆளை இல்லை, பில் கவுண்டரைத்தான். ஒரு சிட்டிங்குக்கு மூவாயிரம். பத்து சிட்டிங் பணத்தை முன்பணமாகக் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி. பொதுவாக இந்தப் புண்ணுக்கு 20 முதல் 40 சிட்டிங் வரை போகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எப்படியும் ஆகப்போகிறதே என்று சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று இருந்தது. என் அனுபவத்தில் சொல்கிறேன், முதல் தடவைக்கு ஒரே ஒரு சிட்டிங் பணம் மட்டும் கட்டுங்கள். காது ஒத்துழைக்குமா, மூச்சு முட்டுமா என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். "பாதியில் நிறுத்தினால் முழுக் காசா, அரைக் காசா?" என்று பணம் கட்டுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே அனுமதிக் கடிதம் கேளுங்கள். என் பாலிசிக்காரர்கள், ராத்திரி தங்காமல் வந்து போவதால் இது வெளிநோயாளி சிகிச்சை என்று சொல்லிக் கை விரித்துவிட்டார்கள். விரல் எடுத்த ஆபரேஷனுக்குத் தந்தவர்கள்தான்.

முதல் நாள் காலை ஆறு மணி பஸ். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என்று நின்று நின்று வேலூர் போய்ச் சேர்ந்து ஆட்டோ பிடித்தால், வாசலிலேயே சேம்பரை இயக்கும் டெக்னீஷியன் தம்பி என் தலையைப் பார்த்துவிட்டு "எண்ணெய் வச்சிருக்கீங்களா?" என்றான். வெளியே கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் வைத்து வாரிப் பூ வைக்காமல் எந்தப் பெண் கிளம்புவாள்? எண்ணெய் கூடாது, முகப்பவுடர் கூடாது, ஒட்டுப் பொட்டு கூடாது, சென்ட் கூடாது, நகப்பூச்சு கூடாது. தைலம் தேய்த்திருக்கக் கூடாது. மோதிரம், வளையல், தோடு, மூக்குத்தி, தாலிச் செயின் எல்லாம் கழற்ற வேண்டும். ஹேர்பின், பிளவுஸ் ஊக்கு ஆகாது. செல்போன், வாட்ச், காது மிஷின், கழற்றும் பல் செட் எதுவும் ஆகாது. இதையெல்லாம் பணம் கட்டிய அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? மூக்குத்தி என் கல்யாணத்துக்கு முன்பு குத்தியது, திருகு இறுகிப் போயிருந்தது. சோப்பு போட்டுத் திருகியும் அசையவில்லை. என் நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து ஆசாரியிடம் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரக் கழற்றினேன்.

தாலி விஷயம் பெண்களுக்கு மனசைப் பிசையும், அதனால் சொல்லிவிடுகிறேன். நான் செயினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, புது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டேன். பருத்திக் கயிறு, உலோகம் இல்லை என்று பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். எதற்கும் உங்கள் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அதெல்லாம் கழட்டிட்டுப் போ, நான் ஒண்ணும் அதனால சாவமாட்டேன்" என்று சிரித்தார். ஆண்களுக்கும் உண்டு, வெள்ளி அரைஞாண், தாயத்து, சாமி மோதிரம். புண்ணில் வைக்கும் களிம்பையும் மறக்காதீர்கள். வாசலின் போன்ற எண்ணெய்ப் பசை மருந்தோ, அந்த மாதிரி மருந்து தடவிய வலைத்துணியோ வைத்துக் கட்டியிருந்தால் உள்ளே போகுமுன் மாற்ற வேண்டும். டிரஸ்ஸிங் கட்டுகிறவரிடம் "நான் சேம்பருக்குப் போகிறவள்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த தடவை எல்லாம் சரியாகத்தான் போனது, கதவு மூடும்வரை. டெக்னீஷியன் தம்பி டிராலியில் படுக்கவைத்து, கையில் ஒரு பட்டையைக் கட்டி அதன் ஒயரை சேம்பரோடு இணைத்தான். உடம்பில் சேரும் மின்சாரம் பொறியாகாமல் எர்த் ஆவதற்கு அது என்று இப்போது தெரியும். அன்றைக்கு, எதற்குக் கட்டிப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். டிராலியை உள்ளே தள்ளிக் கதவைச் சுழற்றி மூடினான். உஸ்ஸென்று சத்தம். பிரஷர் குக்கர் சத்தமெல்லாம் இல்லை, விடாமல் இரைகிற சத்தம். உள்ளே சூடு ஏறியது. காதில் யாரோ விரலை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்து, அது வலியாகி, நெற்றிப்பொட்டுக்குள் குத்தியது. ஸ்பீக்கரில் "முழுங்குங்கம்மா, முழுங்குங்க" என்று குரல். எதை முழுங்குவது? வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வெளியே பார்த்தால் அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, காற்று பத்தவில்லை என்று தோன்றியது. சுத்த ஆக்ஸிஜனுக்குள் படுத்துக்கொண்டு காற்று பத்தவில்லை என்று தவித்திருக்கிறேன், சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு கையாலும் மேலே தட்டினேன், கத்தினேன். அவன் ஓடிவந்து வால்வைத் திருப்பினான், ஆனால் கதவு திறக்கவில்லை. அந்தச் சில நிமிடம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது.

கதவு ஏன் திறக்கவில்லை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. நிறுத்துங்கள் என்று நாம் கேட்டாலும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித்தான் வெளியே எடுப்பார்கள், அதற்கு ஓரிரு நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொள்வது. வெளி அழுத்தம் இறங்க இறங்க நுரையீரலில் அடைத்து வைத்த காற்று விரியும், அது ஆபத்து. அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, மூச்சு போய் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம்கூட அழுத்தத்தில் இருக்கவில்லை. முழு சிட்டிங்கும் கழிக்கப்பட்டது. நான் கேட்டதற்கு "மெஷின் ஸ்டார்ட் பண்ணியாச்சே மேடம்" என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பணம் போன அழுகை பாதி. ஒரு பெட்டிக்குள் படுக்கத் துப்பில்லாமல் இன்னொரு விரலையும், அப்புறம் காலையும் கொடுக்கப்போகிறோமா என்ற அழுகை பாதி. தீபாவளித் தையல் நெருங்கிக்கொண்டிருந்தது. காலை ஊன்றக் கூடாது என்பதால் மிஷினில் உட்காரவே இல்லை, வந்த துணிகளை எல்லாம் திருப்பி அனுப்பியிருந்தேன். வருடத்தில் நாலு காசு பார்ப்பது அந்த ஒரு சீசனில்தான்.

காது இரண்டு நாள் அடைத்தே இருந்ததால் காது டாக்டரிடம் போனேன். செவிப்பறை சிவந்திருக்கிறது, கிழியவில்லை, சில நாள் விட்டுப் போங்கள் என்று மூக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இந்த சிகிச்சையில் அதிகமாக வரும் தொந்தரவே காதுதான் என்றும், எவ்வளவு முயன்றும் காது திறக்காதவர்களுக்குச் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்து அனுப்புவது உண்டு என்றும் அவர்தான் சொன்னார். உண்மையில் இந்தக் காதுச் சோதனையை முதல் சிட்டிங்குக்கு முன்பே செய்திருக்க வேண்டும். கூடவே மார்பு எக்ஸ்ரே. நுரையீரலில் காற்று கசிந்து வெளியே தேங்கியிருந்தால் சேம்பர் கூடவே கூடாது. ஆஸ்துமா, நாள்பட்ட சளி, வலிப்பு, முன்பு எடுத்த கேன்சர் ஊசி மருந்துகள் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜலதோஷமோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

திரும்பப் போகத் தைரியம் கொடுத்தது அங்கே இருந்த மூத்த சிஸ்டர். நான் கத்திய அன்று அவர் லீவாம். போனிலேயே "இன்னாம்மா, பயந்துக்கினீங்களாமே? மத்தியானமா வாங்க, கூட்டம் இருக்காது" என்றார். போனதும் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. காலி சேம்பரைத் தொட்டுப் பார்க்கவிட்டார். கண்ணாடி என்று நான் நினைத்தது கண்ணாடியே இல்லை, நன்றாகத் தடித்த அக்ரிலிக் பிளாஸ்டிக். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பத்து நிமிடம் சும்மா படுக்கவைத்தார். அப்புறம் அழுத்தம் ஏற்றாமல் கதவை மட்டும் மூடி, ஸ்பீக்கரில் என் பேரன் பெயர் என்ன, எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். இது எதற்கும் காசு வாங்கவில்லை. நீங்கள் போகும் இடத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

"ஏலகிரி போயிருக்கீங்களா? மலையில இருந்து பஸ் இறங்கும்போது காது அடைக்கும்ல, அதேதான் இது" என்றார். போயிருக்கிறேன், அந்த 14 வளைவிலும் வாந்தி எடுத்தவள் நான். மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றை ஊதச் சொன்னார். காதுக்குள் ஒரு சின்ன "டப்" கேட்டால் சரி. பலமாக ஊதக்கூடாது. முக்கியமான விஷயம், வலி வருமுன்பே செய்ய வேண்டும். உஸ்ஸென்ற சத்தம் ஆரம்பித்த நொடியில் இருந்து சில விநாடிக்கு ஒரு தடவை. வலி வந்த பிறகு ஊதினால் திறக்காது, அப்போது நிறுத்தச் சொல்லிக் கொஞ்சம் அழுத்தம் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, தாடையைப் பக்கவாட்டில் அசைப்பது எல்லாம் உதவும். வீட்டில் சமைக்கும்போது, பஸ்ஸில் வரும்போது எல்லாம் பழகிக்கொண்டேன், பக்கத்து சீட்டுப் பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். கை ஜாடையும் பேசி வைத்துக்கொண்டோம். காதைத் தொட்டால் "நிறுத்து", கட்டை விரலை உயர்த்தினால் "சரி, ஏற்று", உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் "என்னிடம் பேசு". அந்த மூன்றாவது ஜாடையைத்தான் நான் அதிகம் பயன்படுத்தினேன்.

அன்றைக்கு மிக மெதுவாக ஏற்றினார்கள். எனக்கு வைத்தது 2.4 மடங்கு அழுத்தம், தண்ணீருக்குள் 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். அதை எட்டக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எட்டியதும் சத்தம் அடங்கி, சூடு தணிந்து, காதில் ஒன்றுமே இல்லை. அழுத்தம் உடம்பில் தெரியவே தெரியாது, மார்பில் பாரம் ஏறும் என்று நான் பயந்ததெல்லாம் வீண். அப்புறம் தொண்ணூறு நிமிடம். நடுவில் இரண்டு தடவை ஒரு மாஸ்க்கை ஐந்து நிமிடம் மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அதில் சாதாரணக் காற்று வரும். விடாமல் சுத்த ஆக்ஸிஜன் எடுத்தால் அபூர்வமாகச் சிலருக்கு வலிப்பு வரலாம், அதைத் தவிர்க்க இந்த இடைவெளி. இறக்கும்போது உள்ளே குளிரும், லேசாக மூடுபனி போல வரும். புகை என்று பதறாதீர்கள், காற்று குளிர்வதால் வரும் ஈரம் அது. காது தானாகவே பொட்டுப் பொட்டென்று திறந்துகொள்ளும். பலர் ஒன்றாக உட்காரும் இரும்பு அறை மாதிரி சேம்பர் உள்ள ஊர்களும் உண்டு, அதில் மாஸ்க்கிலோ தலைக்கவசம் மாதிரி ஒன்றிலோ ஆக்ஸிஜன் வரும், நர்ஸும் கூடவே உட்காருவார். மூடிய இடம் என்றால் உயிர் போகும் அளவுக்குப் பயம் உள்ளவர்கள் அதை விசாரிக்கலாம். டாக்டரிடம் சொன்னால் பதற்றம் தணிய லேசான மாத்திரையும் கொடுப்பார்கள். நாமாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது.

தையல்காரி புத்தி போகுமா? மையத்தில் கொடுத்த கவுன் பருத்தி என்றார்கள், தொட்ட மாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். இது உருகிச் சுருண்டு கெட்டி மணியாகிவிட்டது. பாலியஸ்டர் கலப்பு. சிஸ்டரிடம் அந்த மணியைக் காட்டினேன், அவரே அதிர்ந்துபோனார். நான் காடா துணி வாங்கி, பருத்தி நூலிலேயே, பட்டன் எலாஸ்டிக் இல்லாமல் நாடா வைத்து ஒரு கவுன் தைத்துக்கொண்டேன். அதன்பிறகு மையத்துக்கே நாலு தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கிக்கொண்டுதான்.

சுகர்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உள்ளே இருக்கும்போது சுகர் இறங்கலாம். படுக்குமுன்னும் எழுந்த பின்னும் விரலில் குத்திப் பார்ப்பார்கள். எங்கள் மையத்தில் 120-க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட வைத்து மறுபடி பார்த்துத்தான் விடுவார்கள். வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஆற்காட்டில் இருந்து வரும் பெரியவர் ஒருவர் இதற்கென்றே மக்கன் பேடா டப்பாவோடு வருவார், சுகர் எவ்வளவு காட்டினாலும் "இறங்கிடப் போவுதும்மா" என்று ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். சிஸ்டர் டப்பாவைப் பிடுங்கி வைக்கும்வரை அது நடந்தது. போகுமுன் பாத்ரூம் போய்விடுங்கள், இரண்டு மணி நேரம் எழ முடியாது. டீ, காபி, சோடா குடிக்காமல் போவது உத்தமம். பாத்ரூம் விஷயத்தைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நான் தண்ணீரே குடிக்காமல் போனதில் தலை சுற்றியது. சிஸ்டரிடம் சொன்னதும் படுக்கைக்கு ஒரு ஷீட்டை விரித்து வைத்தார், அவ்வளவுதான் விஷயம்.

சில வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் போர்டு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. ஆனால் ஊசியில் நூல் கோக்க மூக்குக்கண்ணாடியே தேவைப்படவில்லை. பத்து வருடமாகக் கண்ணாடி இல்லாமல் நூல் கோத்ததில்லை. சேம்பர் என் கண்ணைக் குணப்படுத்திவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். சிஸ்டர் சிரித்தார். நிறைய சிட்டிங் போனால் தற்காலிகமாகக் கிட்டப்பார்வை வருமாம், சிகிச்சை முடிந்து சில வாரத்திலோ மாதத்திலோ பழையபடி ஆகிவிடுமாம். எங்களோடு வந்த ஒருவர் அவசரப்பட்டு ஆறாயிரத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு, பொங்கலுக்குள் அது உபயோகமில்லாமல் போயிற்று. எனக்கும் பழைய கண்ணாடி திரும்ப வந்துவிட்டது.

புண் கார்த்திகையில் மூடியது. சேம்பரால் எவ்வளவு, கால் ஊன்றாமல் கிடந்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, சர்ஜனும் பிரித்துச் சொல்லவில்லை. மொத்தத்தில் சேம்பருக்கே ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று, பஸ், ஆட்டோ, கைவிட்டுப் போன தீபாவளி சீசன் தனி. இப்போது மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர் செருப்பு போட்டுக்கொண்டு, தினமும் ராத்திரி பாதத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். மிஷினுக்கு மோட்டார் வைத்தாயிற்று, பெடலுக்கு வலது கால்தான். அந்த மையத்தில் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுக்கிறார்கள். எண்ணெய், மூக்குத்தி, காது, பாத்ரூம் எல்லாம் அதில் இருக்கிறது. சிஸ்டர் எழுதியது. பாதியில் நிறுத்தினால் பணம் என்ன ஆகும் என்ற வரி மட்டும் இன்னும் அதில் இல்லை, அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.